சத்தம் போடாத கமரா

கலியாண வீடுகளில் பெண்கள் பக்கத்தை மட்டும் படம் எடுப்பவள் நான். கல்முனைக்குடியில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் ஸ்டூடியோ. இந்தக் கரையோர ஊர்களில் பெண்கள் இருக்கும் பக்கத்துக்கு ஆண் கமராக்காரரை விடாத குடும்பங்கள் நிறைய. மருதோண்டி போடும் மாலையில், பொம்புளைக்கு, அதாவது மணப்பெண்ணுக்கு, உடுப்பாட்டும் அறையில், முக்காட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பெண்கள் சிரித்துக்கொண்டிருக்கும் இடத்தில் கமராவோடு நிற்க ஒரு பெண் வேண்டும். அதற்காகத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். எடுக்கும் ஒவ்வொரு படமும் என்னை நம்பி ஒப்படைத்த அமானிதம். வேலை நடக்கும்போது எனக்குப் பயம் வருவதில்லை. வேலை முடிந்து, கமராக் கார்டில் அவ்வளவு பேரின் தலைமுடியையும் கழுத்தையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வரும்போதுதான் அது தொடங்கும்.

முதலில் என்னிடம் இருந்தது ஒரு பெரிய டீஎஸ்எல்ஆர் கமரா. மட்டக்களப்பில் ஒரு ஸ்டூடியோக்காரர் தன்னுடையதை மாற்றியபோது பழையதாக வாங்கியது. அந்தக் காலத்தில் பத்திரிகைக்காரர்கள் கழுத்தில் தொங்கவிட்டுத் திரிந்த வகை. லென்ஸும் பிளாஷும் பூட்டிவிட்டால் பால்குடி மறக்காத பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிற மாதிரி இருக்கும். கடல் காற்றின் உப்புக்கு அதன் பிடியில் இருந்த ரப்பர் உரிந்து வந்தது; பசை போட்டு ஒட்டி வைத்திருந்தேன். அதற்குள் கண்ணை வைத்தால் கண்ணாடி வழியாக எதிரே இருப்பவரே தெரிவார். ஒரு பற்றரி போட்டால் கலியாணம் முடியும்வரை தாங்கும். இரண்டு கார்ட் போடலாம். ஒவ்வொரு படமும் இரண்டிலும் விழும். ஒன்று பழுதானாலும் மற்றது இருக்கும்.

அழுத்தினால் உள்ளே இருக்கும் கண்ணாடி எழும்பி விழுந்து "டக்" என்று அறை முழுக்கக் கேட்கும். அந்தச் சத்தம் எனக்கு எரிச்சலாக இருந்தது. முதல் சத்தத்திலேயே பெண்கள் நிமிர்ந்துவிடுவார்கள். ஒருத்தி சால்வையைச் சரிசெய்வாள், ஒருத்தி முகத்தைத் திருப்புவாள், ஒரு மூத்தம்மா துஆப் பிரார்த்தனைக்கு நடுவில் என்னைத் திரும்பிப் பார்த்து முறைப்பார். கண்ணுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த ஒன்று அந்தச் சத்தத்தோடு நின்றுபோகும்.

பிறகு வலது மணிக்கட்டு வலிக்கத் தொடங்கியது. சோறு பிசையும்போது விரல்கள் மரத்துப்போயின. பாரம் தூக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னார். கட்டாரில் வேலை செய்யும் என் தம்பி லீவில் வந்தபோது எனக்கென்று, உள்ளே கண்ணாடி இல்லாத ஒரு சின்ன மிரர்லெஸ் கமரா கொண்டுவந்தான். கைப்பைக்குள் போட்டால் இருப்பதே தெரியாது. ஒரு கலியாணத்தில் பொம்புளையின் உம்மா அதைப் பார்த்துவிட்டு, பெரிய கமரா எங்கே, இதென்ன பிள்ளைகளின் விளையாட்டுச் சாமானா என்று கேட்டார். அதற்குப் பிறகு கொஞ்சக் காலம், வேலை முழுக்கச் சின்னதில் செய்துகொண்டு, மரியாதைக்காகப் பழையதையும் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தேன். டொக்டர் பார்த்திருந்தால் ஏசியிருப்பார்.

புதியதன் கெட்டித்தனத்தை மறுக்க முடியாது. அதில் கண்ணை வைக்கும் துவாரத்துக்குள் இருப்பது ஒரு சின்னத் திரை. படம் எப்படி வரப்போகிறது என்பதை எடுக்குமுன்பே காட்டிவிடும். ஆளின் கண்ணைத் தானே தேடிப் பிடித்துக்கொள்ளும். பிளாஷ் இல்லாமலே மங்கிய வெளிச்சத்தில் முகங்கள் துப்புரவாக விழும். பழையதில் அப்படி எடுத்தால் படம் முழுக்க மணல் தூவின மாதிரி இருக்கும். ஆனால் அது பற்றரியைக் குடித்துத் தள்ளியது. போகிற வீடுகளில் எல்லாம் முதலில் பிளக் எங்கே என்று தேடுவேன். கார்ட் ஒன்றே ஒன்றுதான் போடலாம். அந்த ஒற்றைக் கார்டை நினைத்து நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. போதாததற்கு அது போனோடு வேறு பேசும். தம்பி ஏதோ ஒரு அப்பைப் போட்டு இரண்டையும் இணைத்து விட்டிருந்தான். எடுத்ததை உடனே போனில் பார்க்கலாம் என்று சொன்னான். அது எனக்கு முழுதாக விளங்கவில்லை. விளங்காத மற்ற எத்தனையோ விஷயங்களைப் போல அதையும் அப்படியே விட்டுவிட்டேன்.

அதன் சத்தத்தை முற்றாக நிறுத்தவும் முடியும். ஒரு வீட்டில் துஆ ஓதும்போது நிறுத்தினேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. கையேந்திய நிலையில், கண்ணீர் வழிகிற நிலையில், பொம்புளையின் உம்மா அப்படியே படத்தில் இருந்தார். அந்தக் குடும்பம் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கேட்டது. அதற்குப் பிறகு நான் சத்தத்தைத் திரும்பப் போடவே இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் நிந்தவூரில் ஒரு கலியாணம் வந்தது. பொம்புளைக்குச் சீதனமாகக் கட்டிக்கொடுத்த புது வீட்டிலேயே மருதோண்டி. சுவரில் பெயின்ற் வாசம் போகவில்லை. அறையில் கண்ணாடி பதித்த புது அலுமாரி, அதன் விளிம்பில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் உரிக்கவில்லை. பின்னேர அஸர் தொழுதுவிட்டுப் பெண்கள் கூடினார்கள். வாசலில் செருப்புகள் நிறைந்து, உள்ளே அத்தரும் வியர்வையும் மருதோண்டியும் கலந்த வாசம். ஆண்கள் யாரும் வரமாட்டார்கள் என்று உறுதியானதும் எல்லோரும் முக்காட்டைக் கழற்றினார்கள், பொம்புளையின் ராத்தா ஒருவரைத் தவிர.

அவர் பொம்புளைக்கு அக்கா, வீட்டில் மூத்தவர். என் வயதுதான் இருக்கும். நல்ல மெலிவு. அவ்வளவு புழுக்கத்திலும் தலைத்துணியை இறுக்கிக் கட்டியிருந்தார். சிலர் அப்படித்தான், மார்க்கப் பேணுதல் கூடியவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். வேலையெல்லாம் அவர்தான் ஓடி ஓடிச் செய்தார். இரண்டு கமராக்களோடு நின்ற எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்ததும் அவர்தான்.

மருதோண்டி முடியும் நேரத்தில் பிள்ளைகள் தாம்பாளத்தைக் கவிழ்த்துத் தட்டிப் பாடத் தொடங்கினார்கள். யாரோ யாரையோ பகிடி பண்ணினார்கள். ராத்தா சுவரோடு சாய்ந்து நின்று சிரித்தார். சிரிப்பு அடங்கவில்லை, கண்ணில் நீர் வந்தது. அந்தச் சிரிப்போடு சிரிப்பாகத் தலைத்துணியை இழுத்து எடுத்து அதாலேயே முகத்தையும் கழுத்தையும் துடைத்தார். தலையில் முடி ஒரு விரல் தடிப்புக்குத்தான் இருந்தது. பிறந்த பிள்ளையின் தலையில் இருக்கிற மாதிரி மெதுவான, புதிய முடி. ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டது. கமரா ஏற்கனவே என் கண்ணில் இருந்தது. அழுத்தினேன். தொடர்ந்து அழுத்தினேன். அவருக்குத் தெரியாது. எல்லோரும் பிள்ளைகளின் பாட்டிலேயே இருந்தார்கள்; நான் எடுத்தது அறையில் யாருக்கும் தெரியாது. அடுத்த நிமிடம் அவர் துணியைத் திரும்பக் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் பின்னேரம்தான் கலியாணம். காலையில் பற்றரிகளைச் சார்ஜில் போட்டுக்கொண்டிருந்தபோது பொம்புளையின் உம்மா எனக்குப் போன் எடுத்தார். குரல் மிகத் தாழ்ந்திருந்தது.

"மகள், மூத்தவட படம் ஒண்டு ஆம்புளையள் இரிக்கிற வாட்ஸ்அப் குரூப்புல போயிட்டு. தலையில துணி இல்லாம. நீங்க ஒருக்கா வாங்க. ரெண்டு கமராவையும் எடுத்துட்டு வாங்க. போனையும்."

என்ன படம், யார் போட்டது என்று நான் கேட்கவில்லை. வாறன் மாமி என்று மட்டும் சொன்னேன்.

போனை வைத்ததும் அதற்குள் இருந்த படங்களைத் திறந்து பார்த்தேன். நேற்றைய படங்கள் அதில் இருந்தன. நான் போடவில்லை. கமரா தானே அனுப்பியிருக்கிறது. பொம்புளையின் கைகள், பாடுகிற பிள்ளைகள், ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். கடைசியில் அவர் இருந்தார், துணியைக் கையில் பிடித்தபடி, சிரித்துக்கொண்டு. இந்தப் போனுக்கு வந்தது இங்கிருந்து எங்கே போனது? போன் தானே எங்கேயும் அனுப்புமா? வாட்ஸ்அப்பில் என் விரல் தவறிப் பட்டிருக்குமா? தம்பிக்கு வொய்ஸ் மெசேஜ் போட்டேன். அவன் அந்த நேரம் வேலையில் இருப்பான் என்று தெரியும். என்றாலும் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அழித்துவிட நினைத்தேன். விரலை வைத்தும் விட்டேன். இப்போது அழித்தால், பிறகு யாராவது பார்த்து, ஏன் அழித்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது? அழிக்காமல் போனால், அவர்கள் என் போனைத் திறக்கும்போது முதலில் கண்ணில் படுவது அதுவாகத்தான் இருக்கும். அழிக்காமல் வைத்தேன். அது துணிவில்லை; எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றதுதான்.

ஓட்டோவில் சாய்ந்தமருதைத் தாண்டி, காரைதீவைத் தாண்டிப் போகும்வரைக்கும் இரண்டு கமராக்களும் என் மடியில் கிடந்தன. பழையதிலிருந்து ஒரு படம் வெளியே போகவேண்டுமென்றால் நான் மூடியைத் திறந்து, கார்டை விரலால் அழுத்தி எடுத்து, இன்னொன்றில் செருகவேண்டும். என் கைக்குத் தெரியாமல் அதிலிருந்து எதுவும் போகாது. மற்றது எப்போது யாரோடு பேசுகிறது என்று எனக்கே தெரியாது. அதை மூடித்தான் வைத்திருந்தேன். அப்படியும் பற்றரியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். சவுக்கு மரங்களுக்கு அப்பால் கடல் தெரிந்தது. இனி இந்த ஊர்களில் எந்த வீடு என்னைக் கூப்பிடும் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

கலியாண வீட்டில் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார்கள். உம்மா என்னைப் பின்வாசலால் கூட்டிப்போய் அதே அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே அவருடைய தங்கச்சி, பொம்புளையின் சாச்சி, இருந்தார். கட்டில் ஓரத்தில் ராத்தா. தலைத்துணி நெற்றிவரை இறங்கியிருந்தது. நிலத்தைப் பார்த்தபடி இருந்தவர் என் ஸலாத்துக்கு வாய்க்குள்ளேயே பதில் சொன்னார்.

நடந்ததை உம்மா மெதுவாகச் சொன்னார். மகளுக்குப் போன வருசம் நோய் கண்டது. கொழும்பில் வைத்து மருந்து ஏற்றியதில் முடியெல்லாம் கொட்டியது. புருசனுக்கும் இந்த வீட்டுக்கும் தவிர யாருக்கும் தெரியாது. சம்மாந்துறையில் இருக்கும் மாமியாருக்கும் சொல்லவில்லை. அவர் நெஞ்சு வருத்தக்காரர், தாங்கமாட்டார் என்று புருசன்தான் தடுத்திருந்தார். கொழும்பில் வேலை என்று சொல்லித்தான் இருவரும் போய் இருந்துவிட்டு வந்திருக்கிறார்கள். விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு அந்தப் படம் குடும்பக் குரூப்பில் வந்திருக்கிறது. மாமாமார், மச்சான்மார் எல்லோரும் இருக்கிற குரூப்.

சாச்சி என் கையில் இருந்த சின்னக் கமராவைப் பார்த்தபடி கதைத்தார்.

"பெரிய கமரா எண்டா டக்கு டக்கெண்டு கேக்கும். நாங்களும் துணியச் சரிபண்ணிக்குவம். இது எப்ப எடுக்கிற எண்டு யாருக்கு விளங்கும்? எங்க அனுப்புற எண்டு யாருக்குத் தெரியும்?"

எனக்கே தெரியாததைத்தான் அவர் கேட்டார். படத்தைக் காட்டச் சொன்னேன். உம்மா தன் போனை நீட்டினார்.

என்னுடைய படம் அல்ல. பார்த்த மாத்திரத்திலேயே விளங்கிவிட்டது. போனில் எடுத்த படம். முன்னால் பொம்புளையின் மருதோண்டிக் கைகள் பெரிதாக, தெளிவாக. ராத்தா பின்னால், கொஞ்சம் மங்கலாக, துணியில்லாமல். யாரோ பொம்புளையின் கையைப் படம் எடுக்கப்போய் அவரும் படத்தில் விழுந்திருக்கிறார். இன்னொருமுறை உற்றுப் பார்த்தேன். படத்தின் ஓரத்தில் அந்த அலுமாரிக் கண்ணாடி தெரிந்தது. கண்ணாடிக்குள் நான்.

"மாமி, இது என்ட கமராவுல எடுத்த இல்ல," என்றேன். "பாருங்க, கண்ணாடிக்குள்ள நான் நிக்கிறன். இது வேற ஆள் போனால எடுத்த."

உம்மா விரலால் படத்தைப் பெரிதாக்கினார். ஓம், ஓம் என்று தலையாட்டினார். அவர் முகம் இளகியது. சாச்சியும் எட்டிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப நீங்களும் அந்த நேரம் இவவத்தானே எடுத்துட்டு நிக்கிறீங்க."

கண்ணாடியில் இருந்த என் உருவத்தின் கண்ணில் கமரா இருந்தது. அது யாரை நோக்கியிருந்தது என்பதில் சந்தேகமே இல்லை. இல்லை, பொம்புளையைத்தான் எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

கட்டில் ஓரத்தில் இருந்த ராத்தா தலையை நிமிர்த்தினார்.

"எடுத்தீங்களா?"

"ஓம். எடுத்தன்."

"எனக்குக் காட்டுங்க," என்றார். பிறகு உம்மாவைப் பார்த்து, "எனக்கு மட்டும்."

உம்மாவும் சாச்சியும் வெளியே போனார்கள். நான் பற்றரியைத் திரும்பப் போட்டுக் கமராவைத் தொடக்கினேன். கட்டிலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படத்தை எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சின்னத் திரையை அவர் முகத்துக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தார். ஏசுவார், அழுவார், கமராவைத் தூக்கி எறிவார், எல்லாவற்றையும் எதிர்பார்த்தேன்.

"இவ்வளவு வளந்திட்டா?" என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை. முடி கொட்டியதிலிருந்து தான் கண்ணாடி பார்ப்பதே இல்லை என்று அவர் பிறகு சொன்னார். குளித்ததும் துணியைக் கட்டிவிடுவாராம். கையால் தடவிப் பார்த்ததுதான், கண்ணால் பார்க்கவில்லை. நேற்று ஏன் அதைக் கழற்றினேன் என்று தனக்கே தெரியவில்லை, சிரிப்பில் மறந்துபோனேன் என்றார். அடுத்த படம், அதற்கடுத்த படம் என்று தள்ளித் தள்ளிப் பார்த்தார். ஒன்றில் அவர் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். அதில் கொஞ்சம் நின்றார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். துணியில்லாமல் இருந்தபோது கேட்டுவிட்டு எடுத்திருக்க வேண்டும் என்றேன். கேட்டிருந்தால் விட்டிருப்பேனா என்றார். இல்லை என்று நான் தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார்.

"அழிச்சிருங்க," என்றார்.

அழிக்கும் இடத்துக்குப் போனேன். "கொஞ்சம் நில்லுங்க," என்று கையைப் பிடித்தார். மறுபடி அந்தப் படத்தையே பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டு, "சரி," என்றார். ஒவ்வொன்றாக அவர் பார்த்திருக்க அழித்தேன். போனில் இருந்ததையும் அவரிடமே கொடுத்து அழிக்கச் சொன்னேன். வேறெங்கும் கிடக்குமா என்று கேட்டார். கமராவில் ஒரு கார்ட்தான், வேறு இடமில்லை என்றேன். அன்றைக்கு அந்த ஒற்றைக் கார்டுக்காகச் சந்தோசப்பட்டேன். போனைப் பற்றி என்னால் அப்படி உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தம்பியிடம் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் சொல்கிறேன் என்றேன். அவன் பதில் பகல் சாப்பாட்டு நேரத்தில் வந்தது. படங்கள் போனைத் தாண்டி எங்கும் போகாது, போனிலிருந்து இணையத்துக்கு அனுப்பும் வழியை அவன் திறக்கவே இல்லை. அதுவரைக்கும் நான் அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணி குடிக்கவில்லை.

குரூப்பில் படம் போட்டது பொம்புளையின் மச்சி ஒருத்தி. சின்னப் பெண். மருதோண்டிக் கைகளை எல்லோரும் பார்க்கட்டும் என்று ஆசையில் போட்டிருக்கிறாள். பின்னால் யார் நிற்கிறார் என்று பார்க்கவே இல்லை. அழுதுகொண்டு வந்து ராத்தாவின் காலடியில் இருந்தாளாம். குரூப்பிலிருந்து படத்தை நீக்கிவிட்டார்கள். ஆனால் பார்த்தவர்கள் பார்த்துவிட்டார்கள். செய்தி சம்மாந்துறைக்கும் போய்விட்டது.

பின்னேரம் கலியாணத்துக்குச் சம்மாந்துறை மாமியார் வந்து இறங்கியபோது பெண்கள் பக்கம் முழுக்க அடங்கிப்போனது. நானும் கமராவைக் கீழே இறக்கினேன். அவர் யாரோடும் கதைக்கவில்லை. நேரே மருமகளிடம் போய்ப் பக்கத்துக் கதிரையில் இருந்தார். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று ஒரே ஒருமுறை கேட்டார் என்று ராத்தா பிறகு என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு கலியாணம் முடியும்வரை மருமகளின் முழங்காலில் வைத்த கையை அவர் எடுக்கவில்லை. ஒரே தட்டில் கூடிச் சாப்பிடும் சகனுக்கும் இருவரும் ஒன்றாகவே இருந்தார்கள்.

அதை நான் எடுக்கவில்லை. அன்றைக்குப் பழைய கமராவோடுதான் நின்றேன். கை வலி தோள்வரை ஏறியது. பொம்புளையையும் அவளோடு நிற்க வந்தவர்களையும் மட்டும் எடுத்தேன். படங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. ஒன்றுகூட என் நினைவில் இல்லை.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பெண்களுக்கு முன்னால் நின்று சின்னக் கமராவை உயர்த்திக் காட்டுகிறேன். இது சத்தம் போடாது, நான் கண்ணில் வைத்தால் எடுக்கிறேன் என்று அர்த்தம், எடுக்க விருப்பமில்லாதவர்கள் இப்போதே சொல்லுங்கள் என்கிறேன். போனோடு இருந்த இணைப்பைத் துண்டித்துவிட்டேன். துண்டித்துத்தான் இருக்கிறதா என்று வழியில் இரண்டு தடவையாவது திறந்து பார்ப்பேன். நிந்தவூர்ச் சாச்சி தன் மகளின் கலியாணத்துக்கும் என்னைத்தான் கூப்பிட்டார். சொல்லிவிட்டு எடுப்பதால் பெண்கள் நிமிர்ந்து, துணியைச் சரிசெய்து, என்னையே பார்த்தபடி இருக்கிறார்கள். யாரும் கோபிக்கவில்லை. படங்களும் மோசமில்லை.

ஆனால் சில வீடுகளில், கொஞ்ச நேரம் போனதும், என்னை மறந்து யாராவது ஒருத்தி வாய்விட்டுச் சிரிப்பாள். என் கை தன்பாட்டில் மேலே போகும். பாதியில் நிறுத்திக்கொள்கிறேன். எடுத்தால் ஒரு பயம், எடுக்காமல் விட்டால் அந்தச் சிரிப்பு போய்விடுமே என்று இன்னொன்று. சிரிப்பு முடிந்து அவள் திரும்பிப் பார்க்கும்போது கமரா என் நெஞ்சுக்கு நேரே அப்படியே நிற்கிறது. எடுத்தேனா இல்லையா என்று அவளுக்குத் தெரிவதில்லை.